தபசு மரமும் வானத்துக்கு ஒரு லிஃப்டும்

நூலகத்தில் அந்தப் புத்தகத்தை நான் எடுத்தது தவறுதலாகத்தான். அட்டையில் கறுப்பு வானம். கீழே கடல், கடலில் ஒரு சின்னத் தீவு. தீவிலிருந்து மெல்லிய கோடு ஒன்று நிமிர்ந்து, மேகத்தைத் தாண்டி, நட்சத்திரங்களுக்குள் போய் மறைந்தது. கோட்டின் நடுவில் புள்ளியாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. தபசு மரத்தைப் பற்றிய பக்திப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆள் யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்குப் பக்கம். அம்மன் கோயில் வசந்த விழாவில் ராத்திரிதோறும் கூத்து நடக்கும். ஒரு நாள் மட்டும் கூத்து பகலில், வெட்டவெளியில். வனவாசத்தில் இருக்கும் வில்வீரன் சிவனிடம் அஸ்திரம் கேட்டுக் கைலாசத்துக்கு ஏறுகிற கட்டம் அது. நெடிய பனைமரம் ஒன்றை வெட்டி வந்து, செதுக்கி, படிக்கட்டைகள் அறைந்து, உச்சியில் ஓர் ஆள் உட்காரப் பரண் கட்டி, கோயில் மைதானத்தில் நடுவார்கள். அதுதான் தபசு மரம். வேஷக்காரர் ஒரு படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே தவம் இருந்துவிட்டு, பூஜை செய்த எலுமிச்சம்பழங்களைக் கீழே போடுவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருந்துவிட்டு, அப்போது எழுந்து மடி ஏந்துவார்கள். நானும் ஒரு காலத்தில் ஏந்தியிருக்கிறேன். ஒரு பெண் பிறந்தாள். இப்போது அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

மரத்துக்குப் படி அறைந்து பரண் கட்டுவது என் கணவர் வீட்டு முறை. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டினவன்தான் முதலில் ஏற வேண்டும். தபசுக்கு முந்தின நாள் காலையில், பரண்வரை ஏறி, அதில் உட்கார்ந்து பார்த்து, இறங்கி வந்து வேஷக்காரரிடம் "ஏறலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இல்லாமல் வேஷக்காரர் மரத்தில் கால் வைக்க மாட்டார்.

அந்த வருஷம் என் கணவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் வீட்டுக் கவலை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

அவருக்குச் சாரம் கட்டுகிற வேலை. சென்னைப் பக்கம் பெரிய கட்டடங்களில் சவுக்குக் கழியும் கயிறும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இரும்புக் குழாய் வந்தபின் அதையும் பழகிக்கொண்டார். ஐப்பசி மழை சமயத்தில் ஒரு கட்டடத்தில் விழுந்தார். அது அவர் கட்டிய சாரம் இல்லை. வேறு ஒருவன் அவசரத்தில் கட்டிவிட்டு, தான் ஏறிப் பார்க்காமலே கீழே நின்று, "ஏறு அண்ணே, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லியிருக்கிறான். இவரும் ஏறினார்.

தொடையில் கம்பி வைத்தார்கள். மாசி மாதம் பிறந்தபோது கோல் இல்லாமல் நடந்தார். எலும்பு கூடிவிட்டது, இனிப் பழையபடி ஏறலாம், இறங்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு காலையில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் நகர்ந்துவிட்டது. இவர் ஏணியில் ஒரு கால் வைத்தார். இரண்டாவது காலைத் தூக்கவில்லை. ஏணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. பிறகு காலை எடுத்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நானே ஏறி மூடியைச் சரி செய்தேன். மறுநாள் அவர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

கால் பயிற்சிக்காக வாரம் ஒரு தரம் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார எனக்குக் கூச்சம். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டும். நூலகத்தில் யாரும் பேச மாட்டார்கள் என்பதால் அங்கே போய் உட்காருவேன். பத்தாவது வரை படித்தவள் நான். சின்ன வயதில் படித்தது போதும் என்று விட்ட பழக்கம், அங்கே மறுபடி ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் இந்தப் புத்தகம் கைக்கு வந்தது. திறந்து பார்க்காமலே பதிந்துகொண்டு வந்துவிட்டேன். சாமி கதை என்றால் அவருக்கும் மனசுக்குத் தெம்பாக இருக்குமே என்று.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் படித்ததும் தெரிந்தது. கைலாசமும் இல்லை, சிவனும் இல்லை. அது ஒரு விஞ்ஞான நாவல். ராக்கெட் இல்லாமல் வானத்துக்குப் போக ஒரு லிஃப்ட் கட்டுகிறார்கள். கட்டுகிறவர் தலை நரைத்த ஒரு பெண் என்ஜினியர். நான் மூடி வைக்கப் போனேன். அவர் கட்டிலில் படுத்தபடி, "இன்னா புக்கு அது?" என்றார்.

"சாமி புக்குன்னு எத்தாந்தேன் மாமா. பாத்தா லிஃப்டு கட்ற கதையா கீது."

"லிஃப்டா? எத்தினி மாடிக்கு?"

"மாடி இல்ல. வானத்துக்கு."

அவர் சிரித்தார். விழுந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "அப்ப சாரம் கட்ட என்னக் கூப்புடுவாங்க. படி பாப்பம்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அவர் முன்னால் மட்டும் அப்படி ஆகவில்லை. கஷ்டமான வார்த்தை வந்தால் இரண்டாம் தரம் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினால், "உம், அப்பறம்?" என்பார்.

அந்த லிஃப்டைக் கீழிருந்து கட்டவில்லை. அதில்தான் அவர் முதலில் மாட்டிக்கொண்டார். பூமிக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று சுற்றுவதால், கீழே இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அங்கிருந்து ஓர் இழையைக் கீழே இறக்குகிறார்கள்.

"மேலேர்ந்தா தொங்க வுட்றாங்க? மேல எதுல கட்டிக்கீது?"

"எதுலயும் கட்டல. சுத்திக்கினே இருக்கறதால வுழாதாம். சொம்புல தண்ணி ஊத்திக் கயித்துல கட்டி வேகமா சுத்தினா தண்ணி கொட்டாது இல்ல, அந்த மாதிரியாம்."

அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு, "கயிறு அவ்ளோ நீளம் தொங்கினா, அதும் பாரத்துலயே அறுந்துடுமே" என்றார். அடுத்த பக்கத்தில் அந்த என்ஜினியரம்மாவும் அதைத்தான் சொன்னாள். அதற்காகவே புதிதாக ஓர் இழை கண்டுபிடிக்கிறார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. கீழே இறக்க இறக்க, அதற்கு ஈடாக நிலையத்துக்கு மேல் பக்கமும் இழையை நீட்டிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் கனம் ஒரு பக்கமாகி எல்லாமே சரிந்துவிடும். மேலே நீளும் அந்தப் பகுதியில் வண்டி ஓடுவதில்லை. அது சும்மா நீண்டுகொண்டு கிடக்கும். அது இருந்தால்தான் கீழே உள்ளது நிற்கும்.

"சும்மா கீறதுக்கு அவ்ளோ வேலையா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார்.

நடுவில் ஓர் இடத்தில், இழை பூட்டும் வேலையில் இருந்த ஒருவன் கை நழுவி இருட்டில் மிதந்து போய்விடுகிறான். அதைப் பற்றி இரண்டே வரிதான். மறுநாள் வேலை தொடர்கிறது. நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் போட்டுக்கீது."

"அவன் வூட்ல யாரு கீறாங்கன்னு இல்லியா?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் படிக்க வேண்டாம் என்றார்.

பங்குனி கடைசியில் கோயில் தர்மகர்த்தா வீட்டுக்கு வந்தார். கூடவே இவருடைய பங்காளி முறையில் ஒரு தம்பியும் வந்தான். நான் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"மரம் இந்த வருசமும் நீதானேபா?" என்றார் தர்மகர்த்தா.

"நான்தான்" என்றார் இவர்.

"கால் இன்னா சொல்லுது?"

"கால் நல்லா கீது."

தம்பி, "பேஜாரே வோணாம், பேசாம ஒரு கிரேன் கொணாந்து வேசக்காரர உக்கார வச்சுத் தூக்கிடலாம்" என்றான். தர்மகர்த்தா சிரித்து, "அப்ப கிரேன்காரன்தான்டா வரம் வாங்கிக்கினு போவான்" என்றார். தம்பியும் சிரித்துவிட்டு, இவர் பக்கம் திரும்பி, "விளையாட்டுக்குச் சொன்னன்ணா. நீ கட்டு, நான் ஏறிப் பாத்துட்றன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

இவருடைய முகம் மாறிவிட்டது. "கட்றவன் வேற, ஏறிப் பாக்கறவன் வேறயா? அப்படிக் கட்டின சாரத்துலதான்டா நான் வுழுந்தேன்" என்றார். தர்மகர்த்தா எழுந்துகொண்டார்.

அவர்கள் போன பிறகு, நான் புத்தகத்தில் படித்த ஒன்றைச் சொன்னேன். லிஃப்டில் ஆளை ஏற்றும் முன்னால் மூட்டை மூட்டையாக மண்ணை ஏற்றிப் பார்க்கிறார்கள். நாமும் அப்படி, ஆளைவிடக் கனமாக ஒரு நெல் மூட்டையைப் பரணுக்கு இழுத்துப் பார்க்கலாமே என்றேன்.

"மூட்டைக்குக் கை காலு கீதா? படி ஆடுதுன்னு மூட்டை சொல்லுமா?" என்றார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "மூட்டைக்குப் பயம் இல்லம்மே" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவில் பயம் என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

நாவலின் கடைசிப் பக்கத்தை மரம் வெட்டி வந்த வாரத்தில் படித்து முடித்தோம். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் முதல் பயணம் போகக் காத்திருக்கிறார்கள். அந்த என்ஜினியரம்மா, நான் போய் வராமல் யாரும் ஏறக் கூடாது என்கிறாள். தனியாக வண்டிக்குள் போகிறாள். கதவு மூடுகிறது. கதை அங்கேயே முடிந்துவிட்டது.

"போய்ச் சேந்தாளா இல்லியா?"

"சொல்லல."

"எழுதினவனுக்கே தெரியலியா?" என்று எரிச்சலோடு கேட்டார். புத்தகத்தை வாங்கிக் கடைசித் தாளுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். வெள்ளைத் தாள்தான் இருந்தது.

மரம் தரையில் படுத்திருந்தபோதே படிகளை அறைந்தார். பரணையும் தரையிலேயே உச்சியில் கட்டினார். ஒவ்வொரு கட்டையும் அறைந்துவிட்டு அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் என்பதால் அதில் பயமில்லை. பிறகு ஊரே கூடிக் கயிறு போட்டு மரத்தை நிமிர்த்திக் குழியில் இறக்கியது. அது நிமிர்ந்ததும் அவர் அண்ணாந்து பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் தேங்காய் உடைத்தார்கள். வேஷக்காரர் அரிதாரம் இல்லாமல், தோளில் ஒரு துண்டோடு, வெற்றிலை போட்டபடி நின்றார். எங்கள் மரத்தில் பல வருஷமாக ஏறுகிறவர் அவர். என் கணவர் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தார். நான் பெண்கள் பக்கம் நின்றேன். முதல் சில படிகள் வேகமாகவே போனார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு மெதுவானார். கோயில் கலசத்துக்குச் சமமான உயரத்தில் நின்றுவிட்டார். அதற்கு மேல் இன்னும் பாதி மரம் இருந்தது.

அடுத்த படிக்குக் கையை நீட்டினார். பிடித்தார். கால் வரவில்லை. கையை எடுத்து மரத்தைக் கட்டிக்கொண்டார்.

கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன், "இன்னாபா, அங்கயே தவம் இருக்கப் போறியா?" என்றான். சிலர் சிரித்தார்கள். ஏணியில் ஒரு கால் வைத்து நின்ற அவருடைய முதுகுதான் என் கண்ணில் நின்றது. இறங்கி வந்துவிடு மாமா என்று கத்த நினைத்தேன். அத்தனை பேர் நடுவில் கத்தக் கூச்சமாக இருந்தது.

வெகு நேரம் அப்படியே இருந்தார். பிறகு ஒரு கையால் இடுப்பிலிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்தார். தன் தலைக்கு நேராக மரத்தைச் சுற்றி அதைக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்தார்.

தர்மகர்த்தாவிடம் போய், "மரத்தைச் சாய்க்கணும். பரணை அந்தத் துண்டு கீற எடத்துல கட்றன். மேல் படிய எல்லாம் கழட்டிட்றன். அதுவரைக்கும் நான் சொல்லுவேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. நட்ட மரத்தைச் சாய்ப்பதா, ஊருக்கு ஆகுமா என்றார்கள். தர்மகர்த்தா கோபமாக, "கைலாசம் பாதியிலயா கீது? தம்பிதான் ஏறிப் பாக்கறேன்றானே" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இவர் மறுபடி அதையே சொன்னார். "நான் போவாத எடத்துக்கு இன்னொருத்தன ஏறுன்னு சொல்ல மாட்டேன்."

சாமி கும்பிடுகிற நேரத்தைத் தவிர அந்த மைதானத்தில் நான் ஆண்கள் பக்கம் போனதில்லை. மரத்தை நிமிர்த்திய வடக்கயிறு கோயில் சுவரோரம் சுருட்டிக் கிடந்தது. நான் போய் அதைத் தூக்கினேன். தனியாகத் தூக்க முடியாத கனம். பாதி தூக்கி, பாதி இழுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் போய் அவர் காலடியில் போட்டேன். முகமெல்லாம் எரிந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேஷக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏறப் போறவன் நானு. எனக்கு சம்மதம். கீழேர்ந்து பாத்தா எல்லாம் ஒசரம்தான்" என்றார். பிறகு தர்மகர்த்தா பக்கம் திரும்பி, "படி கொறஞ்சா இன்னா, ஒரு படிக்கு ரெண்டு பாட்டுப் பாட்றன். பாட்டு கொறையாது" என்றார். கயிற்றின் ஒரு முனையை அவரே எடுத்தார். அதைப் பார்த்துத் தம்பி வந்தான். பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

வெயிலில் மரத்தைச் சாய்த்து, பரணை மாற்றிக் கட்டி, மறுபடி நிமிர்த்தப் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் இரண்டாம் தரம் ஏறினார். இந்த முறையும் கால் நடுங்கியதைக் கீழிருந்தே பார்த்தேன். பரணில் போய் உட்கார்ந்தார். பலகையைக் கையால் தட்டினார். எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். இறங்கி வந்து வேஷக்காரருக்கு எதிரில் நின்று, "ஏறலாம்" என்றார்.  வேஷக்காரர் தலையை ஆட்டினார்.

தபசு நல்லபடியாக நடந்தது. பாட்டுகள் குறையவில்லை. வேஷக்காரர் பரணில் உட்கார்ந்திருந்தபோது, அவர் தலைக்கு மேலே படியில்லாத மரம் மொட்டையாக நீண்டு நின்றது. பார்க்கக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. எலுமிச்சம்பழங்கள் விழுந்தன. பெண்கள் மடியில் ஏந்தினார்கள்.

தர்மகர்த்தா எங்கள் பக்கம் வந்து, "எல்லாம் சரி, மேல மொட்டையா நிக்கறது எதுக்கு? அறுத்துப் போட்டிருக்கலாமே" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் என் கணவர். தர்மகர்த்தா போன பிறகு என்னிடம் மெதுவாக, "சும்மா கீற பாதியும் வோணும்னு உன் புக்குல போட்டிருந்தது இல்ல?" என்றார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவரும் கூட வந்தார். பஸ் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகும். மரம் அப்போதும் நின்றது. சிவப்புத் துண்டை அவர் அவிழ்க்கவில்லை. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்தம்மா லிஃப்டுக்குள்ள போவறதுக்கு முன்ன எல்லாத்தையும் தொட்டுப் பாத்துருப்பா இல்ல?" என்றார்.

"பாத்துருப்பா."

"அப்ப சரி" என்றார்.

நூலகத்தில் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பதிவேட்டில் அடிக்கும்வரை நின்றேன். அவர் வெளியே வராந்தாவில் நின்று, மேலே போகிற படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார்.